புதுப்பிப்பு: பிசினஸ் வகுப்பு கிடைக்கவில்லை, கடைசியில் என்ன எடுத்தேன்

அமெரிக்கக் கல்லூரியில் மேஜர் (பட்டத்துக்கான முதன்மைப் பாடம்) முடிவாகாமல் சேர்ந்திருக்கிறேன், பிசினஸ் வகுப்புகளை எல்லாம் அந்த மேஜர்காரர்களுக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள், முதல் செமஸ்டருக்கு என்னதான் எடுப்பது என்று போன வாரம் புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது.

ஆலோசகரைப் பார்த்தேன். பூட்டு திறக்காது, சரி. ஆனால் அடுத்த வருடம் பிசினஸ் மேஜருக்கு மாற விண்ணப்பிக்கும்போது அந்தத் துறையினர் முக்கியமாகப் பார்ப்பது கால்குலஸ், மைக்ரோ எகனாமிக்ஸ், ஆங்கிலக் கட்டுரை வகுப்பு மூன்றின் மதிப்பெண்ணைத்தானாம்; மூன்றையும் நடத்துவது வேறு துறைகள், யார் வேண்டுமானாலும் சேரலாம். இது தெரியாமல், பூட்டிய வகுப்புகளில் ஒன்றான அக்கவுண்டிங்குக்காக இரண்டு நாள் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

மூன்றோடு உளவியல் அறிமுகமும் சேர்த்து 13 கிரெடிட் (ஒவ்வொரு வகுப்புக்கும் உள்ள பாட அலகு). பட்டத்துக்கான 120 கிரெடிட்டை நான்கு வருடத்தில் முடிக்க செமஸ்டருக்கு 15 வேண்டும் என்று போன பதிவில் நீங்கள் சொன்னது சரிதான், கால்குலஸை நினைத்துப் பயந்துதான் 13ஓடு நிறுத்தினேன். அப்புறம்தான் உறைத்தது: எஃப்-1 மாணவர் விசாவுக்கு 12க்குக் கீழே போகக் கூடாது, அதனால் 13ஐ வைத்துக்கொண்டு எந்த வகுப்பையும் நடுவில் விட முடியாது. இப்போது கூடுதலாகப் புள்ளியியலுக்குக் காத்திருப்புப் பட்டியலில் நிற்கிறேன், எனக்கு முன்னால் நான்கு பேர்.