303 ரைபிள் எண்ணெய்க் குப்பி: மூடி திறக்க வழி சொல்லுங்கள்

மதுரைப் பக்கம் பழைய ராணுவச் சாமான் சேர்ப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? 303 ரைபிளுக்கு நம்மைப் போன்றவர்களுக்கு லைசென்ஸ் கிடைக்காது. அதனால் அதன் துணைச் சாமான்களை மட்டும் சேர்க்கிறேன். திருமங்கலத்தில் ஒரு காயலான் கடையில் பித்தளை எண்ணெய்க் குப்பி சிக்கியது. ரைபிள் கட்டையின் அடித்தகட்டைத் திறந்தால் உள்ளே இருக்குமே, அதேதான். யாரோ தையல் மிஷினுக்கு எண்ணெய் விட வைத்திருந்தார்களாம்!

மூடி பச்சைக் களிம்பேறி இறுகிவிட்டது. குறடு போட்டால் விளிம்பு நசுங்கும். புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார் அம்மா. பழைய நிறம் போய்விடுமே என்று மனசு வரவில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைக்கலாமா? உள்ளே இருக்கும் தோல் வாஷர் கெட்டுவிடுமா?

அப்புறம், துப்பாக்கிக் குழல் துடைக்கும் கயிறு, நுனியில் தொங்கும் பித்தளை எடையோடு யாரிடமாவது இருந்தால் விலை சொல்லுங்கள். தோட்டா, துப்பாக்கிப் பாகம் எதுவும் வேண்டாம்.