காரம், புளி எல்லாம் நிறுத்திவிட்டேன், நெஞ்செரிச்சல் மட்டும் நிற்கவில்லை. இன்னும் எதை விடுவது?

இரவுவிளக்கு:

வணக்கம். வயது 41, ஆண். மெய்ப்புத் திருத்துவது என் தொழில். வீட்டிலிருந்துதான் வேலை. பகலில் என்ன முயன்றாலும் கண்ணில் பிழை சிக்காது, வீடு அடங்கிய பிறகுதான் சிக்கும். அதனால் மாலை 7 மணிக்கு உட்கார்ந்தால் இரவு 11:30 வரை நாற்காலியை விட்டு எழுவதில்லை.

எட்டு மாதமாக நெஞ்செரிச்சல். முதலில் வாரம் ஒரு தடவை வந்தது, இப்போது நாலைந்து இரவு வருகிறது. 2 மணி, 3 மணி வாக்கில் இருமிக்கொண்டே விழித்துக்கொள்வேன். தொண்டை வரை ஏதோ ஏறி நிற்கும். புளிப்பும் கசப்புமாக ஒரு ருசி, பல் கூசும். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிடுவேன். கொஞ்ச நேரத்தில் அது கீழே இறங்குவது எனக்கே தெரியும். சரி, போய்விட்டது என்று சாய்ந்தால் மறுபடியும் ஏறும். சில இரவுகளில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறேன்.

பகலில் வருவது வேறு மாதிரி. விலா எலும்புகள் பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, விரல் வைத்துக் காட்டலாம், அங்கே பிசைகிற மாதிரி ஒரு வலி. வந்து போகும்.

செய்து பார்த்தவை: காரம் நிறுத்தி மூன்று மாதம். அப்புறம் புளிப்பு, தக்காளி, எலுமிச்சை. இப்போது எனக்கென்று தனிப் பாத்திரத்தில் சமையல் நடக்கிறது. என் மகள் அதற்கு 'அப்பாவோட ஆஸ்பத்திரிச் சாப்பாடு' என்று பெயர் வைத்துவிட்டாள். நாக்கு செத்துப்போனதுதான் மிச்சம், எரிச்சல் குறையவில்லை.

ஒரு நாள் எப்படிப் போகிறது என்று எழுதுகிறேன். 7:30க்கு எழுந்ததும் வெறும் வயிற்றில் காபி. காலைச் சாப்பாடு பெரும்பாலும் இல்லை. மதியம் 1:30க்குச் சாப்பாடு, அவசரமாகத்தான். 5 மணிக்கு இன்னொரு காபி. கையில் இருக்கும் பாரம் (அச்சுக்குச் சேர்ந்து போகும் பக்கத் தொகுதி) 16 பக்கமும் முடியாமல் எழுந்திருக்க மனசு வராது, ஆகவே இரவுச் சாப்பாடு 11:30க்கு, திரையைப் பார்த்துக்கொண்டே. அன்றைக்கு முழுப் பசியும் அப்போதுதான் தெரியும், நிறையவே சாப்பிட்டுவிடுவேன். 12 மணிக்குப் படுக்கை.

புகை, மது கிடையாது. மருந்தும் எதுவும் இல்லை. குனிந்தே வேலை செய்வதால் கழுத்து வலிக்கு மட்டும் ஒரு மாத்திரை, அதுவும் தினமும் இல்லை.

இன்னும் எந்தெந்த உணவை விட வேண்டும் என்று யாராவது பட்டியல் கொடுத்தால் நன்றாக இருக்கும்.


தென்றல்மகள்:

படுக்கும் முன் ஒரு டம்ளர் குளிர்ந்த பால் குடித்துப் பாருங்கள். எனக்கு உடனே கேட்கும். அப்புறம் இந்த வயதில் டென்ஷனைக் குறைத்தாலே பாதி சரியாகிவிடும்.


பழையமருந்துக்கடை:

முப்பது வருஷம் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன். மருத்துவர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தம்பி, நீங்கள் எழுதியதில் கடைசிக்கு முந்தின பத்திதான் எனக்கு முக்கியம். 'மருந்து எதுவும் இல்லை, கழுத்து வலிக்கு மட்டும் ஒரு மாத்திரை.' இதே வாக்கியத்தை எத்தனை ஆயிரம் பேர் என்னிடம் சொல்லியிருப்பார்கள்! வலி மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது என்ன மாத்திரை? ஐபுப்ரோஃபெனா, டைக்ளோஃபெனாக்கா, நாப்ராக்ஸெனா? வாரத்துக்கு எத்தனை? எதோடு விழுங்குகிறீர்கள்? முதலில் இதைச் சொல்லுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், இரைப்பைக்குள் இருக்கும் அமிலம் சாதாரணமானது இல்லை. அது தன் சுவரையே அரித்துவிடாமல் இருப்பதற்குக் காரணம் உள்ளே பூசியிருக்கும் சளிப்படலம். அந்தப் படலம் குறையாமல் ஊறிக்கொண்டிருக்க புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் வேண்டும். நான் சொன்ன வலி மாத்திரைகள் வலியைக் குறைப்பதே அந்தப் பொருளை உண்டாக்கும் வேலையைத் தடுத்துத்தான். கழுத்தில் வலி போகும், அதே நேரத்தில் வயிற்றில் காப்பும் போகும். சாப்பிட்ட பிறகு போட்டால் ஒன்றும் செய்யாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. குமட்டல் குறையலாம், ஆனால் ஆபத்து போகாது. ரத்தத்தில் கலந்துதான் அது படலத்தைக் கெடுக்கிறது, ஊசியாகப் போட்டாலும் அதே கதைதான். பாராசிட்டமால் இந்த வகையைச் சேர்ந்தது இல்லை, வயிற்றை இப்படிப் படுத்தாது. அளவு மீறினால் அது ஈரலைக் கெடுக்கும், அது தனி விஷயம்.

அடுத்தது இரவு விவகாரம். பட்டியல் கேட்டிருக்கிறீர்கள், நான் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்கிறேன். 11:30க்கு வயிறு முட்டச் சாப்பிட்டு 12க்குப் படுத்தால் ஆஸ்பத்திரிச் சாப்பாடாக இருந்தாலும் மேலேதான் வரும். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போல ஒரு தசை இருக்கிறது. சுருக்குப் பையின் வாய் மாதிரி. இரைப்பை நிறைந்து உப்பினால் அது அடிக்கடி தளரும். உட்கார்ந்திருந்தால் புவியீர்ப்பு உங்கள் பக்கம் இருக்கும், படுத்துவிட்டால் அந்த உதவியும் போயிற்று. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும் இறங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, விடை அதில்தான் இருக்கிறது.

நல்ல சாப்பாடு இரைப்பையை விட்டுப் போக இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். கொழுப்பு அதிகமென்றால் இன்னும் தாமதம். இதைக் கண்ணாலேயே பார்த்தவர் வில்லியம் போமான்ட் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். 1822இல் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்குத் துப்பாக்கிக் குண்டு பட்டு, வயிற்றில் ஆறாத துளை ஒன்று நின்றுவிட்டது. போமான்ட் உணவுத் துண்டுகளைப் பட்டுநூலில் கட்டி அந்தத் துளை வழியாக உள்ளே விட்டு, இழுத்து இழுத்துப் பார்த்து, எது எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று குறித்துவைத்தார். 1833இல் புத்தகமாகவே போட்டார். பாவம் அந்த மார்ட்டின், நினைத்தால் எனக்கு மருத்துவரை விட அவர் மேல்தான் மரியாதை வரும்.

ஆகவே படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடியுங்கள். உங்கள் கணக்கில் 8:30, மிஞ்சினால் 9. பாரம் பாதியில் நிற்கட்டும், எழுத்து ஓடிப்போகாது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரம் கொடுங்கள். தலையணை அடுக்காதீர்கள், அடுக்கினால் இடுப்பில் மடிந்து வயிறு இன்னும் அழுந்தும். இடது பக்கமாகப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே தங்கும். வலது பக்கம் இதற்கு நேர்மாறு.

தென்றல்மகள் சொன்ன பால்: குடித்ததும் இதமாகத்தான் இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் பாலில் இருக்கும் புரதமும் கால்சியமும் கொஞ்ச நேரத்தில் அமிலத்தை மறுபடி ஊற வைக்கும். படுக்கும் நேரத்தில் வேண்டாமே.

எட்டு மாதமாகிவிட்டதால் ஒருதடவை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மலம் தார் மாதிரி கருப்பாகப் போவது, ரத்த வாந்தி, விழுங்கினால் அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இன்றைக்கே கிளம்புங்கள்.


கடைசிபெஞ்ச்:

பெல்ட்டையும் பாருங்கள். எனக்குத் தொப்பை போட்ட பிறகும் பழைய துளையிலேயே பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். மானப் பிரச்சினை. இரண்டு துளை தளர்த்தியதும் மாலை எரிச்சல் பாதியாகக் குறைந்தது. குனிந்து உட்காரும் ஆளுக்கு இது இன்னும் பொருந்தும்.


மூத்தவள்:

அண்ணா, பகலில் பிசைகிற வலி என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. என் தம்பிக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. வயிறு காலியாக இருக்கும்போது வலிக்கும், எதையாவது போட்டால் அடங்கும். 'கோபக்காரன், கண்டதையும் யோசிக்கிறான், அதான் அல்சர்' என்று வீட்டில் எல்லாரும் அவனையே குற்றம் சொன்னோம். நானும்தான்.

கடைசியில் பார்த்தால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. அமிலத்துக்குள்ளேயே குடியிருக்கிற ஜந்து. 1982இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இதை வளர்த்துக் காட்டியபோது யாரும் எளிதில் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்ந்த திரவத்தைத் தானே குடித்து, சில நாளில் வாந்தியும் இரைப்பை அழற்சியுமாகப் படுத்து நிரூபித்தார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. குடற்புண்ணுக்குப் பெரிய காரணங்கள் இந்தக் கிருமியும் மேலே ஐயா சொன்ன வலி மாத்திரையும்தான். காரம் புண்ணில் பட்டால் எரியும், ஆனால் புண்ணை உண்டாக்குவது அது இல்லை. உங்கள் நாக்கை மூன்று மாதம் பட்டினி போட்டதற்கு வருத்தப்படுகிறேன்.

பரிசோதனை எளிது. மூச்சை ஊதச் சொல்லிப் பார்ப்பார்கள், இல்லையென்றால் மலப் பரிசோதனை. ஒரே ஒரு எச்சரிக்கை: ஒமெப்ரசோல் மாதிரி அமிலம் குறைக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் கிருமி இருந்தும் 'இல்லை' என்று வரலாம். பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்தச் சொல்வார்கள், ஆன்டிபயாட்டிக் என்றால் நான்கு வாரம். தம்பி இது தெரியாமல் முதல் தடவை வீணாக ஊதிவிட்டு வந்தான். அதனால் நீங்களாக மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் முதலில் போய்ப் பாருங்கள். சிகிச்சை 14 நாள். வாய் கசந்து கிடந்தான், ஆனால் முழுசாக முடித்தான்.


இரவுவிளக்கு:

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

ஐயா, நீங்கள் கேட்டதும் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். டைக்ளோஃபெனாக். 'தினமும் இல்லை' என்று எழுதியிருந்தேன் அல்லவா? காலி அட்டைகளை எண்ணினால் ஒரு மாதத்தில் 22 மாத்திரை. அடுத்தவர் எழுத்தில் ஒற்றுப்பிழை விடாமல் பிடிக்கிறவன், என் கணக்கில் 22ஐ விட்டிருக்கிறேன். எல்லாமே 5 மணிக் காபியோடு விழுங்கியவை. சாப்பிட்டு மூன்றரை மணி நேரம் ஆகியிருக்கும்.

மருத்துவரிடம் போனேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னார். கழுத்துக்குச் சில பயிற்சிகள், திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்துவது, இவ்வளவுதான். மூச்சுப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. அதன்பிறகு நான்கு வாரத்துக்கு ஒமெப்ரசோல், காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு. இதில் ஒரு வேடிக்கை, காலையில் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. காலையில் சாப்பிட்டால் இரவில் அந்த அசுரப் பசி வருவதில்லை. சாப்பாடு 8:45க்கு முடிகிறது. மகளோடு உட்கார்ந்து, திரை இல்லாமல். அவள் நிறுத்தாமல் பேசுவாள், அதனால் மெதுவாகத்தான் சாப்பிட முடிகிறது.

பிசைகிற வலி இரண்டாவது வாரத்திலேயே போயிற்று. இரவு விழிப்பு இந்த மாதம் மூன்றே தடவை. அதில் ஒன்று, கெடு நெருங்கியதால் 11 மணிக்குச் சாப்பிட்ட நாள். தனிப் பாத்திரத்தை நிறுத்திவிட்டோம். காரம் திரும்பியிருக்கிறது, வயிறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காபி மட்டும் சந்தேகம். வெறும் வயிற்றில் குடித்தால் இன்னும் லேசாகக் காந்துகிறது, சாப்பிட்ட பின் குடித்தால் இல்லை.

மருத்துவர் ஒமெப்ரசோலை அடுத்த வாரத்தோடு நிறுத்தலாம் என்கிறார். நிறுத்தினால் பழையபடி வந்துவிடுமோ என்று உள்ளுக்குள் பயம்.

கட்டிலையும் உயர்த்திவிட்டேன். மரக்கட்டை கிடைக்கவில்லை, தலைமாட்டுக்கு இரண்டு பக்கமும் தடி அகராதிகள் வைத்திருக்கிறேன்.


பழையமருந்துக்கடை:

22! நான் 15 என்று நினைத்தேன்.

ஒமெப்ரசோலை நிறுத்தியதும் சிலருக்குக் கொஞ்ச நாள் அமிலம் வழக்கத்தை விட அதிகமாக ஊறும். அடக்கி வைத்ததை விட்டால் ஒரு தடவை துள்ளுகிற மாதிரி. அதைப் பார்த்து, நோய் திரும்பிவிட்டது என்று பயந்து வருஷக்கணக்கில் மாத்திரையை விடாமல் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். நான்கு வாரம்தான் என்பதால் உங்களுக்குப் பெரிதாக இருக்காது. படிப்படியாகக் குறைப்பதா, சட்டென்று நிறுத்துவதா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்தும் எரிந்தால் அப்போது திரும்பிப் போங்கள்.

காபியைச் சாப்பாட்டுக்குப் பின் தள்ளிவிடுங்கள். எனக்கும் அதுதான் வழி.

அகராதியை எடுத்துவிடுங்கள் தம்பி. அட்டை வழுக்கி, நடுராத்திரியில் கட்டில் ஒரு பக்கம் சாய்ந்தால் கழுத்து மறுபடி பிடித்துக்கொள்ளும். அப்புறம் அந்த இழுப்பறையைத் திறப்பீர்கள்.