புதுப்பிப்பு: 'டெவ்-மெயின்' தகராறு தீர்ந்தது

தண்டையார்பேட்டை லாரி அலுவலகம் ஒன்றின் பில்லிங் மென்பொருள், ஒரு நூலகத்தின் (பிறர் எழுதிய நிரல் தொகுப்பு) 'டெவ்-மெயின்' என்ற வளர்ச்சிக் கிளையை நம்பியிருப்பதால் கணினிக்குக் கணினி வேறுவிதமாக ஓடுகிறது என்று புலம்பியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. பிஎச்பி மொழியில் நூலகங்களை இறக்கித்தரும் கருவியான கம்போசரின் லாக் கோப்பை, முன்பு வேலை பார்த்தவர் கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) சேர்க்கவே இல்லை. கிளை நகர்ந்துகொண்டே இருக்கும். எந்த கமிட் (கிளையில் பதிந்த ஒரு நிலை) என்பதை அந்தக் கோப்புதான் பிடித்துவைக்கிறது. சேர்த்தோம். சர்வரில் இனி லாக் கோப்பில் உள்ளதையே இறக்கும் 'இன்ஸ்டால்' மட்டுமே, புதியதைத் தேடும் 'அப்டேட்' கிடையாது.

அடுத்த சிக்கல்தான் சுவையானது. இன்னொரு பொதி (கம்போசர் இறக்கும் மற்றொரு நூலகம்) அதே நூலகத்தின் 2.0 வரிசையைக் கேட்டது. கிளைக்கு ஏது எண்? 'டெவ்-மெயின் ஆஸ் 2.0.எக்ஸ்-டெவ்' என்று மாற்றுப்பெயர் கொடுத்ததும் கம்போசர் சமாதானமானது. இது நம் முதன்மைத் திட்டத்தில் மட்டுமே செல்லும். நூலகத்தாரே தங்கள் பக்கத்தில் 'பிராஞ்ச்-அலியாஸ்' (கிளைக்கான மாற்றுப்பெயர்) எழுதியிருந்தால் எல்லோருக்கும் நிம்மதி.

பொதிகள் குறைந்தது எவ்வளவு நிலையானவையாக இருக்க வேண்டும் என்று சொல்லும் மினிமம்-ஸ்டெபிலிட்டி அமைப்பை 'டெவ்' ஆக்கச் சொன்ன நண்பர்களே, ஒரு பொதிக்காக எல்லாப் பொதிகளுக்கும் கதவைத் திறப்பானேன்?

ரஸ்ட் மொழியில் கம்போசர் போன்ற கருவியான கார்கோவில், கிட் கிளையை மட்டும் சார்ந்த பொதியை அதன் பொதுக் களஞ்சியமான க்ரேட்ஸ்.ஐஓவில் வெளியிடவே முடியாது. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. நூலகத்தின் நிலையான வெளியீடு வந்ததும் மாற்றுப்பெயரை நீக்கிவிடுவேன்.