மூக்கடைப்புக்கும் தும்மலுக்கும் சேர்த்துப் போடும் கூட்டு மாத்திரை: உங்கள் அனுபவம் என்ன?

பனித்துளி:
அலர்ஜியில் தும்மலும் கண் அரிப்பும் எனக்கு வழக்கம்தான். செட்டிரிசின் போட்டால் அடங்கிவிடும். மூக்கடைப்பு மட்டும் அதற்கு மசியாது. அலர்ஜியில் உடல் வெளியிடும் ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்து (ஆன்டிஹிஸ்டமின்) தும்மலையும் நீர் ஒழுகுவதையும் நிறுத்துமே தவிர, மூக்குக்குள் வீங்கிய ரத்தக் குழாய்களைச் சுருக்காது என்று மருத்துவர் விளக்கினார். அதற்காக, தும்மலுக்கு லோராடடின் 5 மி.கி., மூக்கடைப்புக்கு சூடோஎபெட்ரின் 120 மி.கி. சேர்ந்த மாத்திரையை 12 மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்.

மூக்கு நன்றாகவே திறந்தது. ஆனால் இரவில் உறக்கம் போய்விட்டது. படுத்தால் நெஞ்சு படபடப்பது காதில் கேட்கும். அலர்ஜி முற்றிவிட்டதோ என்றுதான் முதலில் பயந்தேன். மருத்துவரிடம் சொன்னதும், அது சூடோஎபெட்ரினின் வேலை என்று சொல்லி இரவு வேளையை நிறுத்தினார். அடைப்பு விட்டதும் கூட்டு மாத்திரையையே நிறுத்தி, தனி லோராடடினுக்கு மாற்றிவிட்டார். இப்போது தூக்கம் சரியாக இருக்கிறது. இந்த மாத்திரை போட்டவர்கள், வீட்டில் யாருக்காவது கொடுத்தவர்கள், நடந்ததை எழுதுங்கள். அட்டையைப் பார்த்தால் சாதாரண சளி மாத்திரை போலத்தான் தெரிகிறது. அதனால்தான் கேட்கிறேன்.

கடலோரக்காற்று:
என் அப்பாவுக்கு நடந்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வயது எழுபதுக்கு மேல். புராஸ்டேட் வீக்கம் உண்டு, அதற்கு மருந்து சாப்பிடுகிறார். பி.பி.யும் உண்டு. தும்மல் அதிகமான ஒரு நாள், மருந்துக்கடையில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். தும்மலுக்கான குளோர்பெனிரமினும், டீகன்ஜெஸ்டன்ட் என்கிற மூக்கடைப்பு நீக்கும் மருந்தும் (சூடோஎபெட்ரின் வகை) கலந்தது. கடையில் வேறு நோய் உண்டா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அன்று மாலையிலிருந்து சிறுநீர் சரியாகப் போகவில்லை. வெளியில் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு நிறையத் தண்ணீர் குடித்திருக்கிறார், அதனால் வேதனை இன்னும் கூடியது. நள்ளிரவில் அடிவயிறு கல்லாகிவிட்டது. அவசர சிகிச்சையில் குழாய் போட்டுத்தான் சிறுநீரை வெளியேற்றினார்கள். மாத்திரையில் இருந்த இரண்டு மருந்துமே அவருக்கு எதிராக வேலை செய்திருக்கின்றன என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னார். டீகன்ஜெஸ்டன்ட் சிறுநீர்ப்பையின் கழுத்துத் தசையை இறுக்கும். குளோர்பெனிரமின் மாதிரியான பழைய தலைமுறை ஆன்டிஹிஸ்டமின், பை சுருங்கி நீரைத் தள்ளும் பலத்தைக் குறைக்கும். ஏற்கெனவே புராஸ்டேட் அழுத்தும் இடத்தில் இரண்டும் சேர்ந்தால் அடைப்புதான்.

மூக்குக்குப் போட்ட மாத்திரை சிறுநீரை அடைக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வயதான ஆண்கள் இருக்கும் வீட்டில் தயவுசெய்து இதைச் சொல்லி வையுங்கள். அவர்களாக வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

மருந்தாளுநர்_ஒருவர்:
கடலோரக்காற்று, உங்கள் அப்பா தேறியிருப்பார் என்று நம்புகிறேன். கவுண்டரில் பல ஆண்டுகள் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டியது எங்கள் கடமை.

இந்த மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, பி.பி., இதய நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, கண் அழுத்த நோய், புராஸ்டேட், சர்க்கரை இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்பதுதான். ஒன்று இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் கொடுப்பதில்லை. கட்டுப்பாட்டில் இல்லாத பி.பி., கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு சூடோஎபெட்ரின் கூடவே கூடாது. மூளை ரத்தக் குழாய்கள் திடீரென்று சுருங்கும் அபூர்வமான பாதிப்பு இதனால் வரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2024இல் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. மாத்திரை போட்ட பிறகு திடீரென்று பொறுக்க முடியாத தலைவலி, வாந்தி, பார்வைக் கோளாறு, குழப்பம், வலிப்பு வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடக் கூடாது.

அடுத்தது, மனச்சோர்வுக்கோ பார்கின்சன் நோய்க்கோ தரப்படும் எம்.ஏ.ஓ. தடுப்பான் வகை மருந்து. அதை நிறுத்தி 14 நாள் ஆகும்வரை டீகன்ஜெஸ்டன்ட் பக்கமே போகக் கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும்.

நான் அதிகம் பார்ப்பது இரட்டிப்புதான். காலையில் அலர்ஜிக்குக் கூட்டு மாத்திரை, மாலையில் தலை பாரமாக இருக்கிறது என்று இன்னொரு சளி மாத்திரை. பெயர் வேறு, உள்ளே மறுபடியும் டீகன்ஜெஸ்டன்ட். பெரியவர்களுக்கு சூடோஎபெட்ரின் ஒரு நாளில் 240 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. மருந்தை மெல்ல மெல்ல விடும் 120 மி.கி. நீடித்த வெளியீட்டு மாத்திரை இரண்டு போட்டாலே அந்த எல்லை வந்துவிடும். அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விடுங்கள், கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். அப்புறம், அந்த நீடித்த வெளியீட்டு மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பல கூட்டு மாத்திரைகளில் சூடோஎபெட்ரினுக்குப் பதில் பினைலெப்ரின் இருக்கும். வாய்வழி சாப்பிடும் பினைலெப்ரின் மூக்கடைப்பைத் தீர்ப்பதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்.டி.ஏ.யின் ஆலோசனைக் குழு 2023இல் ஒருமனதாகச் சொன்னது. 2024 நவம்பரில் அதை மருந்துச் சீட்டில்லாமல் கடையில் விற்கும் மூக்கடைப்பு மருந்துகளிலிருந்து நீக்க எப்.டி.ஏ. முன்மொழிந்தது. அதைப் போட்டு மூக்கு திறக்காதபோது இன்னொன்று போடலாம் என்று தோன்றும். போடாதீர்கள்.

இரவுப்பணியாளன்:
தூக்கம் போன பனித்துளிக்கு நேர்மாறான அனுபவம் எனக்கு. குளோர்பெனிரமின் கலந்த மாத்திரை, ஒரே அசதி. ஒரு மருந்து தூங்க வைக்கும், இன்னொன்று விழிக்க வைக்கும், இரண்டும் சேர்ந்தால் சரிக்குச் சரியாகிவிடும் என்று உடன் வேலை செய்பவர் சொன்னார். அப்படி ஆகவில்லை. கண் விழித்திருக்கும், ஆனால் கவனம் நிற்காது, கை லேசாக நடுங்கும். இயந்திரத்தில் வேலை செய்கிறவன் என்பதால் பணி மருத்துவரிடம் சொல்லி மந்தம் குறைவான பெக்சோபெனடினுக்கு மாறிவிட்டேன். அதைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும், பழச்சாற்றில் போட்டால் உடலில் சேர்வது குறையும் என்று அவர் சொன்னதும் எனக்குப் புதுச் செய்தி. பழைய வகை மாத்திரை போட்ட நாளில் மதுவும் வண்டியும் வேண்டவே வேண்டாம்.

சிறுநெல்லி:
பாலூட்டும் அம்மாக்கள் கவனிக்க. கூட்டு மாத்திரை ஆரம்பித்ததும் எனக்குப் பால் குறைந்த மாதிரி இருந்தது. குழந்தை அழுது அழுது ஓய்ந்துபோகும். மனக்கவலையால் என்றார்கள் வீட்டில். பாலூட்டல் ஆலோசகர்தான் மாத்திரையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சூடோஎபெட்ரின் 60 மி.கி. ஒரே வேளை கொடுத்துப் பார்த்த ஒரு சிறு ஆய்வில், அன்றைய பால் அளவு கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்ததாம். நிறுத்திவிட்டு உப்புநீரால் மூக்கைக் கழுவவும், மருத்துவர் சொன்ன ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயும் ஆரம்பித்தேன். ஸ்பிரேயின் முழுப் பலன் தெரியச் சில நாள் பிடித்தது, பொறுமை வேண்டும். பால் பழையபடி வந்தது. உங்கள் கவலைதான் காரணம் என்று யார் சொன்னாலும், மாத்திரை அட்டையை ஒரு தடவை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஓட்டக்காரி:
போட்டிகளில் ஓடுகிறவர்களுக்கு ஒரு வரி. போட்டிக் காலத்தில் சிறுநீரில் சூடோஎபெட்ரின் மில்லி லிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஊக்கமருந்துக் கணக்கில் வரும். எங்கள் பயிற்சியாளர் அலர்ஜி மாத்திரை அட்டையைக்கூட வாங்கிப் பார்ப்பார்.

பனித்துளி:
எல்லோருக்கும் நன்றி. கடலோரக்காற்று எழுதியதை அப்படியே என் மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். மருந்தாளுநர் ஐயா, இரண்டு சந்தேகம். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் மூக்கில் விடும் சொட்டு மருந்தைத் தொடர்ந்து போடலாமா? எனக்கு எதனால் அலர்ஜி என்று பார்க்கத் தோல் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

மருந்தாளுநர்_ஒருவர்:
ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டு மருந்துகள் சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். அதனாலேயே விட மனம் வராது. மூன்று நாளுக்கு மேல், அதிகம் போனால் ஐந்து நாளுக்கு மேல் போட்டால் மருந்தாலேயே அடைப்பு திரும்பி வரும். மாதக் கணக்கில் அதை விட முடியாமல் தவிப்பவர்களைப் பார்க்கிறேன். பி.பி., இதய நோய் உள்ளவர்கள் இதையும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். நீண்ட நாள் தொல்லைக்கு சிறுநெல்லி சொன்ன ஸ்பிரேதான் பெரும்பாலும் முதல் தேர்வு.

தோல் பரிசோதனைக்கு ஆன்டிஹிஸ்டமினை முன்கூட்டியே நிறுத்த வேண்டும், பொதுவாக ஒரு வாரம் வரை. இல்லாவிட்டால் அலர்ஜி இருந்தும் தோலில் தடிப்பு வராமல் போகலாம். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்பதைப் பரிசோதனை செய்யும் இடத்தில் கேளுங்கள். கூட்டு மாத்திரையிலும் ஆன்டிஹிஸ்டமின் இருக்கிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். மூக்கடைப்பு மாத்திரைதானே என்று பலர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.