அன்று வைத்த வெங்காய சூப் மறுபடி வரமாட்டேன் என்கிறது. எங்கே தவறுகிறேன்?

அடுப்படிவாசி:

மூன்று மாதமாக ஒரே ஒரு சூப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆறு பெரிய வெங்காயம், இரண்டு உருளைக்கிழங்கு, வெண்ணெய், உப்பு, மிளகு, தண்ணீர். இவ்வளவுதான் அதில் சேருவது.

அப்பா உடம்பு முடியாமல் கிடந்து தேறிவந்த சமயம் அது. எதை வைத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது, "வாய் கசக்குது" என்று தட்டைத் தள்ளிவிடுவார். அன்று வீட்டில் வேறு எதுவும் இல்லை என்று இந்த சூப்பை வைத்தேன். கேஸ் தீரப்போகிற நேரம், அடுப்பு மினுக் மினுக்கென்று எரிந்தது. வெங்காயத்தை நீளவாக்கில் அரிந்து, உப்பும் வெண்ணெயும் போட்டு, அடிகனமான பாத்திரத்தில் வதக்க ஆரம்பித்தேன். அதற்குள் அக்கா போன் செய்தாள். பேசிக்கொண்டே கிண்டிக்கொண்டிருந்தேன், பேச்சு நீண்டுவிட்டது. அப்புறம் உருளைக்கிழங்கைத் துண்டு போட்டு, தண்ணீர் ஊற்றி அதிலேயே வேகவிட்டேன்.

அப்பா கிண்ணம் முழுவதும் குடித்துவிட்டு, உள்பக்கத்தை ஆள்காட்டி விரலால் ஒரு சுற்று வழித்துச் சாப்பிட்டார். "இன்னும் இருக்கா?" என்றார். வாரக்கணக்கில் அவர் வாயிலிருந்து நான் கேட்காத வார்த்தை. பாத்திரத்தில் மிச்சம் இருந்தது ஒரு கரண்டிதான்.

இப்போது உடம்பு தேறிவிட்டது. அந்த சூப்பைக் கேட்கிறார். அதே அளவில்தான் வைக்கிறேன். புது சிலிண்டர், நல்ல தீ, பத்து நிமிடத்தில் வெங்காயம் சிவந்துவிடுகிறது. நேரம் மிச்சமாகட்டும் என்று உருளைக்கிழங்கைக் குக்கரில் தனியாக வேகவைத்து, தண்ணீரை வடித்துச் சேர்க்கிறேன். சூப் தண்ணியாக இருக்கிறது, கடைசியில் லேசாகக் கசப்பும் தட்டுகிறது. அப்பா "நல்லாத்தான் இருக்கு" என்கிறார். அந்த "தான்" எனக்குப் புரியும்.

எதை விட்டுவிட்டேன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பருப்புக்கரண்டி:

வதக்கும்போது ஒரு ஸ்பூன் சர்க்கரையும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போட்டுப் பாருங்கள். சீக்கிரம் நல்ல நிறம் வரும்.

மெல்லிய தீ:

அக்கா, பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கேஸ் தீரப்போகிற நேரம் என்கிறீர்களே, அதுதான் விஷயம்.

வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு கிட்டத்தட்ட தண்ணீர். அந்தத் தண்ணீர் வற்றும் வரை பாத்திரத்துக்குள் சூடு 100 டிகிரியைச் சுற்றியேதான் நிற்கும். அதற்குப் பிறகு சூடு ஏறி, 140 டிகிரியை நெருங்கும்போதுதான் வெங்காயத்தின் இனிப்பும் புரதக் கூறுகளும் சேர்ந்து அந்தப் பழுப்பு நிறத்தையும் மணத்தையும் வேகமாகத் தர ஆரம்பிக்கும். லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912இல் விவரித்த வினை இது. பெரிய தீயில் வைத்தால் ஓரம் கருகிவிடும், உள்ளே இன்னும் ஈரம் இருக்கும். நீங்கள் சொல்கிற கசப்பு அந்தக் கருகலிலிருந்து வருவது. பத்து நிமிடத்தில் வந்தது வெறும் நிறம். அன்று எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று அக்காவைக் கேட்டுப் பாருங்கள், முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது என்று நினைக்கிறேன்.

உருளைக்கிழங்கிலும் ஒன்று இருக்கிறது. அன்று அதன் மாவுச்சத்து சூப்பிலேயே இறங்கிக் கெட்டியாக்கியது. இப்போது வடித்துக் கொட்டிவிடுகிறீர்கள்.

ஈயச்சட்டி:

மேலே சொன்னது அத்தனையும் சரி. சோடா மட்டும் வேண்டாம். நிறம் சீக்கிரம் வரும், மறுக்கவில்லை. ஆனால் வெங்காயம் கூழாகிவிடும், கொஞ்சம் கூடினாலும் சோப்பு வாசனை அடிக்கும்.

உப்பை முதலிலேயே போட்டிருக்கிறீர்கள், நல்லது, ஈரம் சீக்கிரம் வெளியே வரும். பாதிக்கு மேல் போனதும் பாத்திரத்தின் அடியில் பழுப்பாக ஒட்ட ஆரம்பிக்கும். பயந்து அடுப்பை அணைத்துவிடாதீர்கள். இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டால் சொர்ரென்று ஒரு சத்தம் வரும், உடனே மரக்கரண்டியால் சுரண்டி வெங்காயத்தோடு கலந்துவிடுங்கள். நான் இப்படி மூன்று நான்கு முறை செய்வேன். சூப்பின் ருசியில் பாதி அந்தச் சுரண்டலில்தான் இருக்கிறது. கருப்பாகிவிட்டால் மட்டும் சுரண்டாதீர்கள். ஒட்டாத பூச்சுள்ள பாத்திரத்தில் இது சரியாக வராது.

வீட்டுச்சோறு:

என் அம்மாவையும் இப்படித்தான் பார்த்துக்கொண்டேன். உடம்பு தேறும்போது பசி திரும்புகிற நாள் என்று ஒன்று வரும். அன்று எது கையில் கிடைத்ததோ அது நாக்கில் தங்கிவிடும். எங்கள் வீட்டில் அது வெறும் ரொட்டியும் பாலும். அதனால் உங்கள் சூப் சரியாகவே வந்தும் அப்பா "அன்னைக்கு மாதிரி இல்லை" என்றால் மனம் விட்டுவிடாதீர்கள்.

அடுப்படிவாசி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை வைத்தேன். அக்காவிடம் கேட்டதில் அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோமாம்!

தீயை இருப்பதிலேயே சிறியதாக வைத்தேன். முதல் இருபது நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை, வெங்காயம் வெளுத்துத் துவண்டு தன் தண்ணீரிலேயே கிடந்தது. முப்பத்தைந்தாவது நிமிடத்தில் சலசல சத்தம் குறைந்து படபடவென்று மாறியது. அப்போதிருந்து மூன்று முறை தண்ணீர் தெளித்துச் சுரண்டினேன். ஐம்பத்தைந்து நிமிடத்தில், பாத்திரம் நிறைய இருந்த வெங்காயம் ஒரு கைப்பிடியாகி, ஊறிய பேரீச்சம்பழ நிறத்தில் அடியில் சுருண்டுகிடந்தது. ஒரு இழையை எடுத்து வாயில் போட்டதுமே தெரிந்துவிட்டது.

அப்பா கூடத்திலிருந்தே "என்ன வாசனை?" என்று எழுந்து வந்தார். கொஞ்சம் ஆறட்டும் என்று சொல்லியும் கேட்கவில்லை, ஊதி ஊதிக் குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தை நீட்டினார். இந்த முறை நிறைய வைத்திருந்தேன்.

ஒரு சந்தேகம். பத்து வெங்காயத்தை வதக்கியதில் ஒரு சின்ன டப்பா மீதி இருக்கிறது. எத்தனை நாள் வைக்கலாம்?

ஈயச்சட்டி:

நன்றாக மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள். ஃப்ரீசரில் சின்னச் சின்ன உருண்டையாக வைத்தால் இரண்டு மாதம்கூட வைக்கலாம். முட்டை அடித்து ஊற்றும்போது ஒரு உருண்டை போட்டுப் பாருங்கள்.