நாகர்கோவிலைக் காலி செய்கிறோம்

வீட்டுக்காரருக்குப் புனேக்கு மாற்றல் வந்துவிட்டது. பையனுக்கு முழுப்பரீட்சை முடிந்ததும் கிளம்புகிறோம். போவது உறுதியானதும், இத்தனை வருஷம் திரும்பிப் பார்க்காத இடங்களுக்கெல்லாம் ஒரு சுற்று போய் வந்தேன். பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி, அப்புறம் மாத்தூர் தொட்டிப்பாலம். 1966-இல் கட்டிய பாலம், 115 அடி உயரம். கீழே பறளியாறு ஓட, ஆற்றுக்கு மேலே கால்வாய்த் தண்ணீர் தொட்டியில் போகும். அங்கே படம் எடுத்துத் தரச் சொன்ன ஒரு குடும்பம், "நீங்க எங்கேயிருந்து வர்றீங்க?" என்று கேட்டது. பக்கத்து ஊர்க்காரி இப்போதுதான் முதல்முறையாக வருகிறாள் என்று எப்படிச் சொல்வது? "புனே" என்று சொல்லிவிட்டேன்.

உள்ளபடி சொன்னால், அங்கெல்லாம் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வடசேரிச் சந்தையில்தான் தொண்டை அடைத்தது. வழக்கமாகப் பழம் வாங்கும் அண்ணாச்சியிடம், ரயிலுக்கு மட்டி வாழைப்பழம் வேண்டும் என்றேன்.

"எங்க போறே மக்ளே?"

"புனேக்கு. குடியே போறோம்."

"மட்டி தாங்காது. தொலி கனம் கிடையாது. ஏத்தன் கொண்டு போ, செவ்வாழை கொண்டு போ."

மட்டிதான் வேண்டும் என்று நின்றேன். பையனுக்கு முதன்முதலில் ஊட்டிய பழம் அது. அவர் என்றைக்கு வண்டி, எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று விசாரித்தார். தொங்கின குலைகளில் பழுத்ததை விட்டுவிட்டு, காயை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். விளிம்பு தேய்ந்து உருண்டால்தான் விளைந்த காயாம். கிளம்புகிற அன்று காலையில் வரச் சொல்லி, ஒரு குலையை உள்ளே எடுத்து வைத்தார். "பிளாஸ்டிக் கவர்ல கெட்டாதே, வேர்த்து அழுகிப் போவும். வாழைச் சருகுல சுத்தித் தாறேன்." மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே என்றேன். "அதுக்கென்ன, வெல ஏறுமா?" என்றார். முன்பணம் கொடுத்தால் வாங்கவில்லை.

உங்களில் ஊரை விட்டுப் போனவர்கள், போகும் முன் யாரைப் பார்த்தீர்கள், என்ன எடுத்துப் போனீர்கள் என்று எழுதுங்கள்.

*

நான் தோவாளை. இப்போது மஸ்கட்டில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பூ வியாபாரம். ஓணம் வந்தால் அத்தப்பூக்களத்துக்கு மலையாளத்துக்காரர்கள் வண்டி கொண்டு வந்து விடிய விடிய வாங்குவார்கள். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது, எப்படா தப்பிப்போம் என்றிருந்தது. கிளம்பும் முந்தின நாள் சந்தையில் பிச்சிப்பூ கட்டுகிற பாட்டி ஒருத்தி, "அங்க காத்து அடிக்குமாடே?" என்று மட்டும் கேட்டாள். அப்போது சிரித்தேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்று முப்பந்தல் காற்றாலைகளுக்கு மட்டுமா, எங்களுக்கும் அதில்தான் தூக்கம். இங்கே ஏசி போட்டால்தான் தூங்கலாம். லீவில் வரும்போது வள்ளியூர் தாண்டினதும் ரயில் பெட்டியில் தூங்குகிற ஆட்கள் தானாக எழுந்துவிடுவார்கள், கவனித்திருக்கிறீர்களா? மலை பக்கத்தில் வந்துவிடும். யாரும் எழுப்ப வேண்டியதில்லை.

*

அக்கா, நான் பூதப்பாண்டிப் பக்கம், சென்னைக்கு வந்து ரொம்ப நாளாச்சு. கோயில், அருவியெல்லாம் லீவுக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம். நான் கோட்டைவிட்டது தெரளி இலையில் அவிக்கிற கொழுக்கட்டை. ஆடிச் செவ்வாய்க்கு ஔவையாரம்மன் கோயிலில் கொழுக்கட்டை அவிக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று வேடிக்கைதான் பார்த்தேன். மாவுக்கு எவ்வளவு கருப்பட்டி என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. அம்மாவும் போய்விட்டாள். உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து செய்து பாருங்கள். தீயல் குழம்புக்கு வறுக்கிற பக்குவமும் அப்படித்தான், தேங்காய் எந்த நிறத்தில் இறக்க வேண்டும் என்பது போனில் சொன்னால் பிடிபடாது. தேங்காயெண்ணெயைக் கேனில் தூக்கிச் சுமக்காதீர்கள், புனேயில் மலையாளிகள் கடை நிறைய இருக்கிறது. அந்த இடத்தில் இன்னொரு குலை மட்டி வையுங்கள், பாதி வழியிலேயே காலியாகிவிடும்.