பழைய கிதார் இதழ்களின் வரி விளம்பரங்கள்: விலையை ஏற்றியது யார்?

ஆறுதந்தி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே.

1970-களின் பிற்பகுதியிலும் 80-களிலும் வந்த ‘கிதார் பிளேயர்’ இதழ்கள் என்னிடம் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. 1967-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய அந்த இதழ் 2024 டிசம்பரோடு அச்சில் நின்றுவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து பழைய இதழ்களை மறுபடியும் முதலிலிருந்து புரட்டிக்கொண்டிருக்கிறேன். முதலில் பேட்டிகள், பிறகு இசைக்குறிப்புகள். கடைசியாக, நான் மிகவும் விரும்பும் வரி விளம்பரப் பக்கங்கள். படம் கிடையாது. மாடல், ஆண்டு, நிறம், ‘எல்லாம் அசல்’ என்ற இரண்டு சொற்கள், ஒரு தொலைபேசி எண். அவ்வளவை வைத்துக்கொண்டு முழுக் கிதாரையும் மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும்.

ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிதார் 1954-இல் ட்ரெமலோவுடன் (தந்திகளின் சுருதியை அசைக்கும் கைப்பிடி) 249.50 டாலருக்கு அறிமுகமானது. பணவீக்கத்தைக் கணக்கிட்டால் இன்றைக்குச் சுமார் 2,900 டாலர். நல்ல கருவி ஒன்றுக்கு நியாயமான விலைதான். ஆனால் அதே 1954-இன் அசல் கிதாரை இன்று வாங்க அந்தத் தொகை எந்த மூலைக்கும் போதாது. 1958 முதல் 1960 வரை வந்த கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிர்ந்து ஓரத்தில் அடர்ந்த வண்ணம் கொண்ட மாடல்) அன்று 300 டாலருக்கும் குறைவு. இன்று லட்சக்கணக்கான டாலரில் பேசுகிறார்கள்.

என் கேள்வி இரண்டு. நான் நேசிக்கும் இந்த இதழ்களே இந்த விலையேற்றத்துக்குக் காரணமா? இரண்டாவது, வாசிப்பதற்காகவே வாங்குகிறவனுக்குப் பழைய கருவிகளில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

வால்வுமணம்

ஆறுதந்தி ஐயா, இதழ்களுக்கு முன்பே இசைத்தட்டுகள் அந்த வேலையைத் தொடங்கிவிட்டன. கிப்சன் 1960-இன் இறுதியில் லெஸ் பாலின் பழைய வடிவத்தைக் கைவிட்டு, இரட்டைக் கொம்பு வடிவத்துக்கு மாறியது. சன்பர்ஸ்ட் வந்த மூன்று ஆண்டுகளில் மொத்தம் சுமார் 1,500 கிதார்கள்தாம் வெளியே போயின என்பது பொதுவான மதிப்பீடு. அப்போது அவற்றை யாரும் தேடவில்லை. 1966-இல் பிரிட்டிஷ் புளூஸ் கலைஞர் ஜான் மேயலின் குழுவோடு எரிக் கிளாப்டன் சன்பர்ஸ்டை வாசித்துப் பதிவுசெய்த ஆல்பம் வந்தது. அமெரிக்காவில் மைக் புளூம்ஃபீல்டும் அதே கிதாரைக் கையில் எடுத்தார். அந்த ஒலி எல்லோருக்கும் வேண்டும் என்றானபோது கடையில் அந்தக் கிதார் இல்லை. கிப்சன் 1968-இல் லெஸ் பாலைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் ஆட்கள் தேடியது 1950-களின் மரத்தையும், பட்டென்ட் கிடைக்கும் முன் வந்த, தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பி.ஏ.எஃப். பிக்கப்பையும்தான்.

ஃபெண்டரில் பழையதையும் புதியதையும் பிரிக்கும் கோடு 1965 ஜனவரி. சி.பி.எஸ். நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. அதற்கு முந்தையது நல்லது, பிந்தையது மட்டம் என்ற பேச்சு அன்று எழுந்ததுதான், இன்னும் ஓயவில்லை. 1966, 67-இல் செய்த மிக அருமையான ஃபெண்டர்களை நான் பழுது பார்த்திருக்கிறேன். உற்பத்தி முறை ஒரே இரவில் மாறிவிடவில்லை. ஆனால் சந்தைக்கு ஒரு கோடு தேவைப்பட்டது, கிழித்துக்கொண்டது.

1970-இல் நாஷ்வில்லில் ஒரு கடையில் கிளாப்டன் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை ஒன்று சில நூறு டாலருக்குள் மொத்தமாக வாங்கினார். ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட் மூவருக்கும் ஒவ்வொன்றைக் கொடுத்துவிட்டு, மீதி மூன்றின் நல்ல பாகங்களைச் சேர்த்து ‘பிளாக்கி’யைக் கட்டினார். அது 2004 ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது. டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 2019-இல் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலர். இதழ்கள் எண்ணெய் ஊற்றியிருக்கலாம், தீ மூட்டியது அவை அல்ல.

புதுப்பெடல்

விலையை ஏற்ற இதழே தேவையில்லை என்பதற்குக் க்ளான் சென்டார் பெடல் (கிதாரின் ஒலியை மாற்றும் காலடிப் பெட்டி) போதும். 1994 முதல் 2000-களின் இறுதி வரை பில் ஃபின்னெகன் சுமார் 8,000 பெடல்களைச் செய்தார். புதிதாக வாங்கியபோது சில நூறு டாலர். இன்று ஆயிரக்கணக்கில். அதைத் தூக்கிவிட்டது இணைய அரட்டையும் ஏலத் தளங்களும்தான். அந்த மிகைப்பேச்சு தன்னால் வந்ததல்ல என்று அடுத்த பெடலின் மேலேயே அவர் அச்சடித்துவிட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய இதழ்களில் ஒரு பக்கம் கருவி விமர்சனம், எதிர்ப்பக்கம் அதே நிறுவனத்தின் முழுப்பக்க விளம்பரம். அவற்றை இவ்வளவு உயர்த்திப் பேச வேண்டுமா? இன்று எந்தக் கருவியின் ஒலியையும் நொடியில் கேட்கலாம், ஐந்து பேரின் கருத்தை ஒப்பிடலாம்.

ஆறுதந்தி

வால்வுமணம் அவர்களுக்கு நன்றி. எண்ணெய், தீ என்று நீங்கள் பிரித்தது எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது.

புதுப்பெடல், விளம்பரம் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. கருவி விமர்சனங்களுக்காக நான் அந்த இதழ்களைத் திறப்பதே இல்லை. அவற்றில் இருந்த உழைப்பைச் சொல்கிறேன். 1978-இல் ஓக்லாந்தில் நடந்த ஒரு பெரிய இசைவிழாவுக்கு அந்த இதழின் ஜாஸ் ஓப்ரெக்ட் வேறொரு கலைஞரைப் பேட்டி எடுக்கப் போனார். அது கைகூடவில்லை. மேடைக்குப் பின்னால் ஓர் இளைஞரோடு கூடைப்பந்து ஆடினார். அந்த இளைஞர் எட்டி வான் ஹேலன். அவருடைய முதல் பெரிய பேட்டி அப்படித்தான் கிடைத்தது. விரல் எங்கே போகிறது, கிதாரை எப்படித் தானே கட்டினார், ஆம்பில் (ஒலிபெருக்கியில்) என்ன செய்தார் என்று ஒரு வாசிப்பாளர் இன்னொரு வாசிப்பாளரிடம் கேட்கும் கேள்விகள் அதில் இருந்தன. ஃபிராங்க் ஸாப்பாவின் சிக்கலான சோலோக்களை ஸ்டீவ் வாய் காதால் கேட்டு எழுதிய இசைக்குறிப்புகளும் இதே இதழில் வந்தன. ஒரு பக்கத்தைப் படிக்கவே ஒரு வாரம் பிடிக்கும்.

பிறகு அந்த ‘சவுண்ட்பேஜ்’. பக்கங்களுக்கு நடுவே கட்டப்பட்ட மெல்லிய வளையும் இசைத்தட்டு. கவனமாகக் கிழித்தெடுத்து ரெக்கார்டு பிளேயரில் வைத்து, வழுக்காமலிருக்க ஓரத்தில் ஒரு நாணயத்தையும் வைத்துத்தான் ஊசியை இறக்க வேண்டும். சரசரவென்ற இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு கிதார் வரும். பக்கத்தில் அச்சாகியிருக்கும் குறிப்பை விரலால் தொடர்ந்துகொண்டே கேட்கலாம். ஒரு மாதத்துக்கு அந்த ஒன்றுதான். அதனால் அதை முழுமையாகக் கேட்டோம். இன்று எல்லாமே நொடியில் கிடைக்கிறது என்கிறீர்கள், கிடைக்கிறதுதான். பத்தாவது முறையாக ஒன்றையே கேட்கும் பொறுமையை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தத் தட்டு. பிரிட்டிஷ் இசை இதழ்களில் ‘மெலடி மேக்கர்’ 2000-இல் போனது, ‘என்.எம்.ஈ.’ 2018-இல் வார அச்சை நிறுத்தியது. ஒவ்வொன்றுக்கும் எனக்கு வருத்தம்தான்; அதை மறைக்க விரும்பவில்லை.

சரி, இரண்டாவது கேள்விக்கு யாராவது வாருங்கள்.

மரத்தூள்

வாசிக்க வாங்குகிறவர்களுக்கு இன்னும் நிறைய இருக்கிறது. சேகரிப்பவர் எதற்குப் பயப்படுகிறாரோ அதை வாங்குங்கள். மறுவண்ணம் அடித்த பழைய கிதார் பொதுவாக அசல் நிறத்தின் பாதி விலைக்குத்தான் போகும். கழுத்து அதே கழுத்து, மரம் அதே மரம். ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டிகள்) மாற்றியது, பிக்கப் திரும்பச் சுற்றியது, ட்யூனர் (தந்தியை முறுக்கும் திருகு) மாற்றித் துளை பெரிதானது, இவை எல்லாம் விலையைக் குறைக்கும். கைக்கு இதமாக இருப்பதைக் குறைக்காது.

மாணவர்களுக்கென்று செய்த மாடல்கள் ஒரு காலத்தில் மலிவாகக் கிடைத்தன. ஃபெண்டர் மஸ்டாங் 1964-இல் அப்படித்தான் வந்தது. கர்ட் கோபேன் வாசித்த 1969 மஸ்டாங் 2022 ஏலத்தில் 45 லட்சம் டாலரைத் தொட்டதும் அந்தக் கதவும் பாதி மூடிக்கொண்டது. ஆனாலும் பெயர் பெறாத சிறிய கிதார்களை இன்னும் பார்க்கலாம்.

ஆம்ப் வேண்டுமென்றால் 1970-களின் வெள்ளி முகப்பு ஃபெண்டர்களைப் பாருங்கள். அதற்கு முந்தைய கறுப்பு முகப்பு ஆம்புகளுக்குக் கேட்கும் விலையை இவற்றுக்குக் கேட்பதில்லை. பலவற்றில் சர்க்யூட் மிக நெருக்கமானது. வாங்கியதும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களை (மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் பாகங்கள்) மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கும். பழகியவரிடமே கொடுங்கள். கழற்றிய பழைய பாகங்களை ஓர் உறையில் போட்டு ஆம்புக்குள்ளேயே வைத்துவிடுங்கள், அடுத்து வாங்குகிறவர் உங்களை வாழ்த்துவார்.

விற்பவர் சொல்லும் ஆண்டை அப்படியே நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் (ஒலியளவுத் திருகுக்கு அடியில் உள்ள பாகம்) முதுகில் எண் இருக்கும். 1376633 என்றால் 137 அதைச் செய்த சி.டி.எஸ். நிறுவனம், 66 ஆண்டு, 33 வாரம். ஆனால் ஃபெண்டர் 1966-இல் அவற்றை மொத்தமாக வாங்கிவைத்துச் சில ஆண்டுகள் பயன்படுத்தியது. ஆகவே இதற்கு முன் செய்ததல்ல என்று மட்டுமே அந்த எண் சொல்லும். கழுத்தின் அடியில் உள்ள தேதி, ஈயப்பற்றை யாராவது மீண்டும் தொட்டிருக்கிறார்களா என்பது, இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆறுதந்தி

மரத்தூள், மிக்க நன்றி. நான் கண் வைத்திருப்பது 1960-களின் பிற்பகுதி மஸ்டாங் ஒன்று. யாரோ பச்சை வண்ணம் அடித்திருக்கிறார்கள், ட்யூனர்களும் மாறியிருக்கின்றன. விற்பவர் 1966 என்கிறார், காரணமாக அந்தப் பொட்டென்ஷியோமீட்டர் எண்ணை மட்டும்தான் காட்டுகிறார். கழுத்தைக் கழற்றித் தேதியைப் படம் எடுத்து அனுப்பும்படி இன்றே கேட்கிறேன். படம் வந்தால் இங்கே பதிவிடுகிறேன், நீங்களும் வால்வுமணமும் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். சவுண்ட்பேஜ் தட்டுகளை நல்ல தரத்தில் கணினிக்கு மாற்றியவர்கள் யாராவது இருந்தால், ஊசியின் அழுத்தத்தை எவ்வளவு வைத்தீர்கள் என்று எழுதுங்கள். என்னுடையவற்றில் சில வளைந்துபோயிருக்கின்றன. இன்னும் தாமதித்தால் அவற்றை ஊசி தாண்டிவிடும்.